பொடிப்புள்ளி நீக்கம்

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. செவ்வாய்க்கிழமை காலையில் என் மச்சான் தன் தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அத்தான், இதில மிதப்பு எங்க?" என்று கேட்டார்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பெரியகல்லாற்றில் தோணி வைத்து வாவியில் மீன் பிடிப்பவர். அவர் வலை போடும் இடத்துக்கு முன்னால், வாய்க்கால் வாவியில் சேரும் வாயை மறித்து, இரண்டு மாதமாக ஒருவர் தங்கூசி வலை கட்டியிருந்தார். தங்கூசி கண்ணாடி போன்ற நைலோன் நூல், தடைசெய்யப்பட்டது. தண்ணீருக்குள் போனால் தெரியாது. பழைய செருப்பை வெட்டிக் கட்டிய சிறு மிதப்புகள் மட்டும் மேலே தெரியும். மச்சான் அதைத் தோணியிலிருந்து காணொளிப் படமாகப் பிடித்து மீன்பிடித் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தார். எதிராளி மீனவர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். முறைப்பாடு பொய்யென்று முடிவானால் மச்சானின் பெயரைச் சங்கத்திலிருந்து வெட்டுவதாகத் தீர்மானமும் எழுதி வைத்துவிட்டார்கள். சங்கத்தில் பெயர் இல்லையென்றால் தோணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை.

அந்தப் படத்தை விசாரணைக்கு அனுப்பி வைத்தவன் நான். வெல்லாவெளியிலும் வாழைச்சேனையிலும் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இப்போது இரண்டு வேலைகள். ஒன்று, வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் முறை தவறிச் செய்வதைக் கவனிப்பது. மற்றது கோடெக். படக்கோப்பைச் சுருக்கி, பார்க்கும்போது மீண்டும் விரிக்கும் மென்பொருளுக்கு அப்படிப் பெயர். வெளிநாட்டிலிருக்கும் மகளுக்குப் படம் அனுப்பப் போய், மூலநிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்ட ஒரு கோடெக்கில் மாட்டிக்கொண்டேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் அங்கே நடப்பது ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம், என்பது முதல் நாளே விளங்கியது. முறைப்பாட்டுக்கு இலக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பரிசீலிக்காமல் எதுவும் உள்ளே போகாது. யார் ஏன் மறுத்தார் என்பது எல்லாரும் வாசிக்கும்படி கிடக்கும். இந்தக் கடைசிப் பழக்கம் எங்கள் காலத்தில் இருந்திருந்தால் பாதிப்பேர் ஓய்வூதியம் வாங்கியிருக்கமாட்டோம். அவர்களுடைய உதவிப் பக்கங்களை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

மின்னஞ்சல் இருபத்தைந்து மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. மச்சானின் படமோ அதைப்போல் பல மடங்கு. ஆகவே 'பொடிப்புள்ளி நீக்கம்' என்ற தெரிவை உச்சத்தில் வைத்துச் சுருக்கினேன். கோப்பு எலிக்குஞ்சு போல வந்தது. அனுப்பினேன், கிடைத்ததாகப் பதிலும் வந்தது. சுத்தப் பிரதி பதிவானதும் வரைவை அழிக்கவேண்டும் என்பது என் கந்தோரில் நான் ஒருநாளும் தவறவிடாத ஒழுங்கு. என் கணினியில் இருந்த மூலத்தை அழித்தேன். தொலைபேசி நிரம்பிவிட்டது, தன்னிடம் இருப்பதையும் அழிக்கட்டுமா என்று மச்சான் கேட்டார். உடனே அனுமதி கொடுத்தேன். சேவைக்காலத்தில் எதற்கும் அவ்வளவு விரைவாக நான் அனுமதி கொடுத்ததில்லை.

இப்போது மச்சானின் தொலைபேசியில், நான் அனுப்பிய படத்தின் பிரதியில், வாவி மினுங்கியது. மிதப்பு ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான். படத்தில் துள்ளும் சிறு புள்ளிகளைச் சுருக்குவது கடினம். கோடெக் அவற்றைக் கமெராவின் தூசி என்று கருதித் துடைத்துவிடும். எவ்வளவு துடைத்தது என்று ஒரு குறிப்பு மட்டும் வைத்துக்கொள்ளும். பார்க்கும்போது அந்தக் குறிப்பின்படி புதிதாகப் புள்ளிகள் செய்து தூவும். ஆக, நாங்கள் பார்த்த மினுக்கம் வாவியுடையதே அல்ல. உண்மையான மினுக்கத்தோடு செருப்புத் துண்டுகளும் போய்விட்டன.

கோடெக்கின் முறைப்பாட்டுப் பக்கத்தில் பொருள், பின்னணி, பின்னிணைப்பு என்று ஒழுங்காக எழுதினேன். தங்கள் மென்பொருளின் தவறு என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் அதை விசாரணையில் காட்டலாம் என்பது கணக்கு. பின்னேரமே பதில் வந்தது. தவறு இல்லை, ஆவணத்தில் சொன்னபடியே நடந்திருக்கிறது, முறைப்பாடு மூடப்படுகிறது. கீழே ஆவணத்தின் இணைப்பு. திறந்தேன். 'இத்தெரிவு அசையும் சிறு பொருட்களையும் நீக்கக்கூடும். மூலப் பிரதியைப் பேணுக.' அது என் தமிழ். சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டி நான் மூடிய முறைப்பாடுகள் ஓர் அலுமாரி நிறைய இருக்கும். மேசையின் மறுபக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பது அதுவே முதல் முறை.

அன்று முழுக்க ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. கேற்றுக்குப் போனேன், கணினிக்கு வந்தேன், மறுபடி கேற்றுக்குப் போனேன். நாய்கூட என்னோடு நடப்பதை நிறுத்திக்கொண்டது. தான் கூட்டிய முற்றத்தை நான் உழுவதாக மனைவி சொன்னாள்.

புதன்கிழமை காலையில் மூடிய முறைப்பாட்டின் அடியில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். எவ்வளவு துடைத்தது என்ற அந்தக் குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறது, ஒரே கட்டளையில் வெளியே எடுத்து அச்சடிக்கலாம் என்று. எடுத்தேன். படத்திலிருந்து என்ன நீக்கப்பட்டது என்று அது சொல்லாது. நீக்கப்பட்டது என்று மட்டும் படத்தின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் சொல்லும். போதும். ஆனால் நீக்கியது யார் என்று சொல்ல நான் போகவேண்டும்.

மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க அழிச்ச எண்டு சொன்னா, வேணுமெண்டு அழிச்ச எண்டு சொல்லுவான் அத்தான்."

"சொல்லுவான்தான். நான் சொல்லாட்டி நீ பொய்க்காரன்."

வியாழக்கிழமை விசாரித்த மீன்பிடிப் பரிசோதகர் ஒரு பெண். படத்தைத் திரையில் ஓடவிட்டார். எதிராளி சாவகாசமாகப் பார்த்துவிட்டு, "மிஸ், ஆத்துக்குள்ள தண்ணிதான் இரிக்கி" என்றார். எங்கள் பக்கத்தில் வாவியும் ஆறுதான். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து, அச்சடித்த தாள்களைக் கொடுத்து, மூன்று நிமிடத்தில் விளக்கினேன். பரிசோதகர் முதல் தாளை மட்டும் வாசித்தார்.

"மூலத்த அழிச்சது ஆரு?"

"நான்தான்."

"ஏன்?"

"சுத்தப் பிரதி பதிவானதால."

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா கவர்மென்ற் வேலையா செஞ்ச?"

இந்த முறை மச்சானும் சிரித்தார்.

அந்தப் படத்தைச் சாட்சியாக ஏற்கமுடியாது என்று பரிசோதகர் எழுதினார். மச்சானின் முகம் தொங்கிப்போனது. பிறகு பரிசோதகர் எங்கள் எல்லாருடைய தொலைபேசிகளையும் மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, வாகனத்தில் ஏறச் சொன்னார். முன்னறிவித்தல் இல்லாத களப் பரிசோதனை. இப்படி ஒரு நடைமுறை இருப்பதை நானே மறந்திருந்தேன்.

கரையில் எதிராளிக்குத் தலை சுற்றியது; அங்கேயே இருந்துவிட்டார். மச்சானின் தோணியில் பரிசோதகரும் நானும் போனோம். காற்று எழும்பிவிட்டது. உச்சி வெயிலில் தண்ணீர் முழுக்க மினுக்கம். மிதப்புகளை நான் கண்ணைச் சுருக்கித் தேடினேன், ஒன்றும் தெரியவில்லை. நேற்றே தூக்கிவிட்டார்களோ என்று மச்சானைப் பார்த்தேன். பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மச்சான் தாங்குகோலை ஊன்றித் தோணியை நிறுத்தினார். "கைய விடுங்க மிஸ். உங்களுக்குப் பக்கத்திலதான்."

பரிசோதகர் தண்ணீருக்குள் கையை விட்டுத் தூக்கினார். நீலச் செருப்பின் துண்டு. அதன் பின்னால் அடுத்தது. அவற்றுக்கு அடியில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, துடிக்கும் இறால்களோடு வலை எழும்பி வந்தது.

அங்கே இருந்த ஒரே தொலைபேசி பரிசோதகருடையது. அதை என்னிடம் தந்து படம் பிடிக்கச் சொன்னார். மிதப்புகள் முடியும்வரை பிடித்தேன்.

"அத்தான்," என்றார் மச்சான், தோணியின் பின்முனையில் இருந்து. "இதயாவது சுருக்காமக் குடுங்க."

எந்தப் பொத்தானையும் தொடாமல் தொலைபேசியைப் பரிசோதகரின் ஈரக் கையில் திருப்பிக் கொடுத்தேன்.