தொட்டில் ஸ்டாண்ட் பூட்டும் முறை

ஹட்டனில் ஒரு வீட்டுச் சாமான் கடையில், ஒன்லைனில் சாமான் கேட்பவர்களுக்குப் பதில் எழுதும் வேலை எனக்கு. கடைக்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் அதிகம் விற்றது இரும்புத் தொட்டில் ஸ்டாண்ட். கூரை மரம் உளுத்துப்போன தோட்டத்து லய வீடுகளில் சேலை கட்டித் தொட்டில் போட இப்போது பலருக்கும் பயம்.

ஸ்டாண்ட் துண்டு துண்டாகத் தட்டைப் பெட்டியில் போகும். நான்கு கால்கள், கீழே இரண்டு கம்பிகள், மேலே ஒரு குழாய், தொட்டில் சேலையைத் தொங்கவிட ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னப் பை நிறைய நட்டும் போல்ட்டும். கூட வந்த தாளில் சீனமும் ஆங்கிலமும்தான் இருந்தன. தமிழில் ஒரு தாள் எழுதித் தருகிறேன் என்று நானே கேட்டேன்.

"படம் இருக்குதானே தங்கச்சி, அது போதாதா?" என்றார் நானா. பிறகு, "சரி, எழுதுங்க" என்று விட்டுவிட்டார்.

உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு ஏ எடுத்தவள் நான். பெட்டி கட்டுகிறவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு ஸ்டாண்டைப் பூட்டிப் பார்த்தேன். 'இணைப்பான்களை உரிய துவாரங்களில் பொருத்தி முற்றாக இறுக்கவும்' என்று தொடங்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும்கூட நல்ல தமிழ் போட்டு, அரைப் பக்கம் எழுதினேன். அதை இரண்டு மூன்று தரம் வாசித்து நானே ரசித்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். இறம்பொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்க அனுப்புன தொட்டில் ஒரு பக்கமா சாயுது. இணைப்பான்னு எழுதியிருக்கீங்களே, அது என்னாங்க? பையில அப்படி ஒன்னும் இல்லையே."

தாளை நிதானமாக வாசித்துப் பார்க்கச் சொல்லிப் பதில் போட்டேன். உடனே அடுத்த பதிவு வந்தது.

"நான் ஓலெவல் வரைக்கும் படிச்சிருக்கேன். எனக்கு வாசிக்கத் தெரியும். நீங்க எழுதுனதுதான் வெளங்கல."

எங்கள் பக்கத்திலும், 'யாரும் வாங்காதீங்க' என்று எழுதிவிட்டாள். வேறு ஸ்டாண்ட் அனுப்பிவிடலாம் என்றார் நானா. எனக்கு அவள் மேல் கோபம். குறை அவள் பூட்டியதில்தான் என்று காட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா போய், பஸ் மாறி, அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கொழுந்து பறிக்கிறவள். இரண்டு மாதக் கைக்குழந்தை. புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை. ஸ்டாண்டைத் தனியாகத்தான் பூட்டியிருக்கிறாள். குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு, தாளை சத்தமா வாசிச்சு மறுபடி பூட்டுங்க. நான் பேசாம பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

முதல் காலை மாட்டி, தாளில் உள்ளபடியே ஸ்பேனரால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதைப் பிடிக்க ஆள் இல்லாததால் முழங்காலால் முட்டுக் கொடுத்தாள். நான்காவது கால் ஓட்டைக்கு நேராக வரவில்லை. ஒரு விரல் அளவு தள்ளி நின்றது. அழுத்தித் தள்ளி எப்படியோ போல்ட்டை நுழைத்தாள். ஸ்டாண்ட் சாய்ந்து நின்றது.

"எல்லாம் மாட்டுற வரைக்கும் லூசா விட்டுட்டு, கடைசியிலதான் இறுக்கணும்" என்றேன்.

"பொருத்தி முற்றாக இறுக்கவும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

நான்தான் எழுதியிருந்தேன். கடையில் பெட்டி கட்டுகிறவர் காலைப் பிடித்துக்கொள்ள, நான் விரலால் மட்டும் நட்டுகளைத் திருகிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். தாளில் அதுவும் இல்லை, கூட ஓர் ஆள் இருந்ததும் இல்லை. கொண்டுவந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. "என் பிழைதாங்க" என்றேன்.

இருவருமாக எல்லாவற்றையும் தளர்த்தி, சுவரோடு சாய்த்து வைத்துப் பூட்டினோம். ஸ்டாண்ட் நேராக நின்றது. ஆனால் அவள் குழந்தையை வாங்கப் போகவில்லை. ஸ்பிரிங்கில் சேலையைக் கட்டி, உள்ளே போய்க் கோதுமை மாப் பையைத் தூக்கி வந்து தொட்டிலில் வைத்து, வேகமாக ஆட்டினாள்.

"அன்னைக்கும் மாவு பைய வச்சுத்தான் பாத்தேன். சரிஞ்சு விழுந்திச்சு. அப்புறந்தான் ஒங்களுக்கு பேசி அனுப்புனேன்."

பாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி என் தாளில் ஒரு வரிகூட இல்லை.

திரும்பும் பஸ்ஸிலேயே போனில் புதிதாக எழுதத் தொடங்கினேன். 'ஒரு ஆள் மட்டும் இருந்தால் சுவரோரமாக வைத்துப் பூட்டுங்கள். நட்டுகளை முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். நான்கு கால்களும் மாட்டிய பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். பிள்ளையைப் போடுவதற்கு முன் மாப் பையை வைத்து ஆட்டிப் பாருங்கள்.' எழுதியதை முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். ஓரிடத்தில் 'சமதளம்' என்று போட்டிருந்தேன். "மேடு பள்ளம் இல்லாத எடம்னு போடுங்க அக்கா" என்றாள். அப்படியே போட்டேன். எங்கள் பக்கத்தில் தான் எழுதியதை அவள் அழிக்கவில்லை. அதற்குக் கீழே, 'தாளை மாத்திட்டாங்க. இப்ப வெளங்குது' என்று சேர்த்தாள்.

மறுநாள் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதிய ஓடர்களை நிறுத்திவைத்துவிட்டு, "மொதல்ல வாங்கின ஆக்களுக்குப் பேசுங்க" என்றார். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். பட்டிப்பொலவில் ஒருவர் இன்னும் பெட்டியையே பிரிக்கவில்லை. வட்டவளையில் ஒரு தாய், "கொஞ்சம் சாஞ்சுதான் இருந்திச்சு, கால்ல செங்கல் வச்சிட்டோம், இப்ப நல்லா இருக்குங்க" என்றாள். பின்னால் தொட்டில் ஸ்பிரிங் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"புள்ள உள்ள இருக்கா?"

"தூங்குறாங்க."

"மொதல்ல புள்ளைய வெளிய எடுங்க" என்றேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போனை வெட்டாமல் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போகும் காலடிச் சத்தம் கேட்டது. குழந்தை அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.