மூன்று எஸ்டிமேட்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடி ஒழுகியது, அதுவும் சரியாக என் புத்தக அலமாரிக்கு மேலே. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த மேஸ்திரி, காதில் பென்சிலும் சட்டையில் சுண்ணாம்புமாக, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். எதையும் அப்படித்தான் பார்ப்பார், என்னையும்கூட.

ஆபீஸ் பழக்கத்தில், மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கித்தான் முடிவு செய்வேன் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் மூன்றையும் அவரே கொண்டுவந்து நீட்டினார். பெயர்கள் மூன்று, கையெழுத்து ஒன்றுதான்.

"என்னய்யா, மூணும் நீங்களே எழுதினதா?"

"அவுங்களுக்கு எழுத வராது சார். நீ இன்னாத்துக்கு அலையணும்னு நானே எழுதி எடுத்தாந்தேன்."

"இதுல உங்களோடது எது?"

"நடுவுல கீது பாரு, அது. கொறைச்சலா போட்டவன் வேலை சுமார்தான் சார்."

இருபது வருஷம் ஃபைல் புரட்டியவனையா ஏமாற்றுவது? வீம்புக்குக் குறைந்த எஸ்டிமேட்டையே தேர்ந்தெடுத்தேன். திங்கட்கிழமை காலை ஏணியோடு வந்து நின்றவர் அவரேதான்.

"அவனுக்கு ஜுரம் சார்," என்றார், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு. குறைந்த தொகைக்கே வேலையையும் முடித்துக் கொடுத்தார்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகியிருந்தால் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.