நடுவருக்குப் பங்கு கிடையாதாம்

பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘விசில்’. வேலை, விளையாட்டு டீச்சர். லீவு நாட்களில் வாலிபால் நடுவர். மிச்ச நேரமெல்லாம் தெருவுக்கே கோர்ட். மொட்டை மாடித் துணிக்கொடி யாருக்கு, யார் பைக் யார் வாசலை மறைக்கிறது, எல்லா வழக்கும் அவளிடம்தான் வரும். தீர்ப்புச் சொல்லும்வரை இரண்டு வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அண்ணன் மகள் ஆடிய இறுதி ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது, “சொந்தக்காரங்க ஆட்டத்துக்கு நான் நிக்க மாட்டேன்” என்று விலகிவிட்டாள். கோப்பையைத் தூக்க நினைத்த மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தது தனிக்கதை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கூடப்பிறந்தவர்கள் குழி வெட்டினார்கள்.

அப்பா எதையும் எழுதி வைக்காமல் போய்விட்டார். வீட்டில் மாடி அண்ணன் குடும்பத்துக்கு, கீழே முன்பகுதி தம்பி குடும்பத்துக்கு, பின்பக்க அறை கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட விசிலுக்கு. அப்பா படுக்கையில் கிடந்தபோது அவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டிவிட்டதெல்லாம் அந்த அறையில்தான். அப்போது அண்ணனுக்கு முட்டி வலி. தம்பிக்கு ஆபீசில் ஆடிட். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

“நீதான்மா வீட்டைப் பிரிச்சுக் குடுக்கணும். உன்னைவிட நியாயம் தெரிஞ்சவ யாரு இருக்கா?” என்றார் அண்ணன்.

“நீ சொல்றதுதான்க்கா. மறுபேச்சே கிடையாது” என்றான் தம்பி.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டேப்பை எடுத்துக்கொண்டு படி, சுவர், சந்து பொந்து எல்லாம் அளந்தாள். பிறகு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்:

“மாடி அண்ணனுக்கு. முன்பக்கம் தம்பிக்கு. பின்னாடி ரூமும் பாத்ரூமும் எனக்கு. என்னுதுதான் சின்னது, பரவாயில்ல.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “தீர்ப்பு சொல்றவளே தனக்கும் எடுத்துக்கிட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“நான் இந்த வீட்டுப் பொண்ணு இல்லையா?”

“பொண்ணுதான்க்கா. ஆனா இப்போ நீ நடுவர். நடுவருக்கு ஏது பாயிண்ட்?” என்று தம்பி சிரித்தான்.

“நீ பாட்டுக்கு இரும்மா. உன்னைப் போன்னா சொல்றோம்? மாறி மாறி சோறு போடுறோம்” என்றார் அண்ணன்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! திருட வருகிறவன் சொந்தமாக ஒரு கம்பியாவது கொண்டு வருவான். இவர்கள் அவளுடைய நேர்மையையே கம்பியாக வளைத்து, அவள் கதவையே நெம்பினார்கள். தீர்ப்புச் சொல்கிறவள் எதையும் தொடக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அறைக்குப் போய், கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அழுகையால் அல்ல, ஆத்திரத்தால்.

மறுநாள் விடிந்ததும் மாடிப்படியில் நின்று இருவரையும் கூப்பிட்டாள்.

“நான் விலகிக்கிட்டேன். சொந்தக்காரங்க ஆட்டத்துல நான் நின்னதே தப்பு. வேற நடுவரைக் கூப்பிடுங்க. இப்போ நானும் ஆடுறேன்.”

“யாரைக் கூப்பிட்டாலும் உன் பக்கம்தான் பேசுவாங்க. தெருவே உன் கையில” என்றார் அண்ணன்.

“செருப்புக் கடைக்காரரைக் கூப்பிடுவோம்” என்றாள் விசில்.

இருவர் முகத்திலும் பல்பு எரிந்தது. எரியாதா பின்னே? முன்னொரு காலத்தில் செருப்புக் கடைக்காரர் கேப்டனாக ஆடிய இறுதி ஆட்டத்தில், அவர் அடித்த கடைசிப் பந்தை ‘வெளியே’ என்று சொன்னவள் விசில். கோப்பை போயிற்று. அன்றிலிருந்து பேச்சு கிடையாது. வார் அறுந்து அவர் கடைக்குப் போனவளிடம், சுவர் முழுக்கச் செருப்பை மாட்டி வைத்துக்கொண்டே “ஸ்டாக் இல்ல” என்றவர்.

“அவர் என்ன சொன்னாலும் கட்டுப்படுறோம்” என்று அண்ணனும் தம்பியும் அக்கம்பக்கத்தார் காதில் விழும்படியே சொன்னார்கள்.

செருப்புக் கடைக்காரர் வந்தார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு விசிலைப் பார்த்தார்.

“அன்னைக்கு நான் அடிச்ச பந்து உள்ளயா, வெளியவா? இன்னைக்காவது உண்மையைச் சொல்லு.”

தம்பி அண்ணனை முழங்கையால் இடித்தான். ‘உள்ளே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அறை நிலைக்கும். அது அவளுக்கும் தெரிந்தது.

“வெளிய.”

அவர் முகம் சிவந்து கறுத்தது. சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினார். “உங்கப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“மூணு. ஆனா...”

“ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. மூணு பிள்ளைன்னா மூணு பங்கு. அவ அளந்தபடியே எடுத்துக்கங்க. அப்பனைக் குளிப்பாட்டினவளுக்குச் சோறு போடுறாங்களாம் சோறு! த்தூ, இதைச் சொல்ல ஒரு ஆள் வேணுமாய்யா உங்களுக்கு?”

“நீங்க அவ பக்கம் சாஞ்சிட்டீங்க” என்று அண்ணன் முனகினார்.

“நானா? இவ பக்கமா?” அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “இவ மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது! அந்தப் பந்து கோட்டுக்கு உள்ளதான் விழுந்துச்சு!”

“வெளிய” என்றாள் விசில். இந்த முறை குரல் உடைந்திருந்தது.