வேடியப்பனின் இடது தோள்

நான் வேலை பார்க்கும் விடுதி செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கிறது. சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்றால் பிளம்பருக்குப் போன் போட்டுத் திட்டுவது போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. இங்கே பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வழி சொல்வது. கிரிவலம் போய்க் கால் வீங்கியவர்கள் மறுநாள் காலையில் கட்டாயம் கேட்பார்கள். நான் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். காலையில் பெரிய கோயில், அப்புறம் மியூசியம், மத்தியானம் சாத்தனூர் அணை, அங்கே முதலைப் பண்ணை. முதலை என்றதும் எல்லோர் முகமும் மலர்ந்துவிடும்.

இன்று காலை திருச்சியிலிருந்து வந்து தங்கியிருக்கும் ரிட்டயர்டு டீச்சர் அம்மா அதே கேள்வியோடு கவுண்டருக்கு வந்தார். வீட்டுக்காரர் பின்னால் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார். நான் கோயிலைச் சொல்லி முடித்து மியூசியத்துக்கு வருவதற்குள் ஒரு வாசனை வந்தது. டீச்சர் அம்மா வீங்கின காலில் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவியிருந்தார். எனக்கு அப்படியே பேச்சு நின்றுவிட்டது. "என்னம்மா, அப்புறம்?" என்றார். "அப்புறம் மியூசியம் மேடம், மத்தியானம் முதலை" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

அந்த வாசனைக்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. வேடியப்பன். தென்பெண்ணைக் கரையில் எங்கள் நிலத்தின் வரப்போரம், புங்க மரத்தடியில் நின்ற கல். அப்போது என் இடுப்பு உயரம் இருக்கும். மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல், பல்லவர் காலத்தது என்றெல்லாம் பிறகு ஆபீசர்கள் சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு அவன் குலதெய்வம், அவ்வளவுதான். மாடு கன்று போட்டால் முதல் பால் அவனுக்கு. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கினால் முதல் கொத்து அவனுக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உடம்பெல்லாம் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தேய்ப்பது மட்டும் அம்மாவின் பாத்தியதை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அந்த வேலை அவள் கைக்கு வந்துவிட்டதாம். அம்மாவுக்கு முடியாத வாரத்தில் வேறு யாரும் தொடமாட்டார்கள். அவன் காய்ந்துகொண்டு காத்திருப்பான்.

எத்தனை தலைமுறை எண்ணெயோ, அவன் மேல் தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. அதன் மேல் சிவப்புத் துணி, துணிக்கு மேலே வெள்ளிக் கண்மலர் இரண்டு. நான் பார்த்த வேடியப்பன் இவ்வளவுதான். அவனுக்கு மூக்கு உண்டா, கையில் என்ன பிடித்திருக்கிறான், எதுவும் தெரியாது. எனக்கு மட்டும் இல்லை, வீட்டில் யாருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அந்தக் கண் நம்மைப் பார்த்தால் போதாதா.

தம்பி தவழ்கிற வயதில் ஜுரம் வந்து வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா ஆற்றில் முங்கி, ஈரத்துணியோடு அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்குத்தான், உன் எதிரில்தான் இறக்குவேன், அதுவரைக்கும் கத்தி படாது. தம்பி பிழைத்தான். முடியும் வளர்ந்தது. ரிப்பன் வைத்துக் கொண்டை போட்டுவிட்டால் பெண்பிள்ளைதான். எனக்கு வேண்டிய தங்கச்சி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நான் பொட்டு வேறு வைத்துவிடுவேன்.

அப்போதுதான் ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். வந்த நேரத்தில் அம்மா இல்லை. சித்தி வளைகாப்புக்கு எங்களையும் அழைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். ஆபீசர் கல்லின் அடியில் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து, பழைய எழுத்து இருக்கிறது, இங்கே மழையிலும் வெயிலிலும் கிடந்தால் அழிந்துபோகும் என்றிருக்கிறார். எங்கள் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்திருக்கிறார். அப்பாவை அய்யா என்றிருக்கிறார். எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலிலேயே நிற்கவைத்து விரட்டப்பட்ட மனிதர் அப்பா. அவருக்கு அந்த ஒரு அய்யா போதுமானதாக இருந்தது. அப்பா கண்மலரையும் துணியையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கோல் சுற்றிக் கல்லை ஜீப்புக்குப் பின்னால் வந்த டிராக்டரில் ஏற்றிவிட்டார். தாமே ஒரு கை பிடித்தாராம். அதைப் பெருமையாகச் சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது புங்க மரத்தடியில் குழி இருந்தது. ஈர மண் குளுமையாக இருந்ததால் எங்கள் நாய் அதில் சுருண்டு படுத்திருந்தது. அம்மா கை நிறைய வளைகாப்பு வளையல். நாயைக்கூட விரட்டாமல் நின்றாள்.

"யார கேட்டுக் குடுத்தீங்க?"

"கவர்மெண்டு கேக்குது. உங்கள மாதிரி ஆளு இருந்தாதான் சரித்திரம் பொழைக்கும்னு என் கையப் புடிச்சிச் சொன்னாருடி. போர்டுல நம்ம பேரு போடுவாங்களாம்."

"சாமிய ஆபீசுக்கு அனுப்பிட்டீங்களா."

"எங்க இருந்தா என்னா, சாமி சாமிதான?"

அதற்குப் பிறகு அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான். பிள்ளை தலையில் இருக்கும் வேண்டுதலை எங்கே இறக்குவது?

அப்பாவே ஒரு ஏற்பாடு சொன்னார். எல்லோரும் வேன் பிடித்து டவுனுக்குப் போவோம். பெரிய கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு மியூசியத்துக்குப் போய், வேடியப்பன் எதிரில் பொங்கல் வைத்துப் படைத்துவிடலாம். வாசலில் மரம் இல்லாமலா போகும், அங்கேயே மாமா மடியில் உட்காரவைத்து முடி இறக்கிவிடலாம். திரும்பும்போது சாத்தனூரில் பிள்ளைகளுக்கு முதலை காட்டலாம். எங்கள் ஊர் அம்பட்டரும் பெட்டியோடு வேனில் ஏறினார். சிரிக்காதீர்கள். மியூசியம் என்றால் என்னவென்று எங்களில் யாருக்குத் தெரியும்? கல்லுச் சாமிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் கவர்மெண்டுக் கோயில் என்றுதான் நினைத்திருந்தோம்.

பெரிய கோயிலில் அம்மா நிற்கவே இல்லை. எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருந்தாள். "அவரு பெரியவரு. அவரப் பாக்க ஊரே வருது. நம்ம ஆளு தனியா கெடக்கறான், வாங்க" என்றாள். மடியில் கண்மலரை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். விட்ட வாரங்களுக்கெல்லாம் சேர்த்துத் தேய்க்க ஒரு பாட்டில் விளக்கெண்ணெயும் கூடையில் இருந்தது.

மியூசிய வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். காக்கிச் சட்டை போட்ட காவல்காரர், "செருப்பப் போட்டுகினு வாங்கம்மா, இது கோயில் இல்ல" என்றார். அம்மா காதில் வாங்காமல் வெறுங்காலோடு உள்ளே போனாள். உள்ளே பினாயில் வாசனை. நீளமான தாழ்வாரம். சுவரோரம் வரிசையாகக் கற்கள், முன்னால் ஒரு கயிறு. ஒவ்வொன்றிலும் வில் பிடித்த ஒரு ஆள். கொண்டை, இடுப்பில் கத்தி, நீட்டின கால். தேய்த்துக் கழுவி, வெளுத்துப்போய், எல்லோரும் ஒரே ஜாடையில் நின்றார்கள். காலடியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அட்டை. நடுகல், செங்கம் வட்டம். அப்பாவின் பெயர் எதிலும் இல்லை.

அம்மா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனாள். திரும்பி வந்தாள்.

"இதுல எதுங்க?"

அப்பா குனிந்து அட்டையைப் பார்த்தார். மாமா மேலே பார்த்தார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. எங்கள் சாமியின் முகம் எங்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து கும்பிட்டவனைக் கழுவி நிறுத்தினால் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கல்லைத் தேடி வந்த ஆபீசரைக் கேட்கலாம் என்றால் அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

அம்மாதான் தேறினாள். "தொட்டா தெரிஞ்சிடும்ணா" என்றாள் காவல்காரரிடம். "எடது தோள்ல ஒரு பள்ளம் இருக்கும். எண்ண தேய்க்கும்போது என் கட்டவெரல் உள்ள போவும். ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

"தொடக்கூடாதும்மா."

"வாராவாரம் தேச்ச கைண்ணா இது."

"எனக்குத் தெரியாதாம்மா? எனக்கும் கொலதெய்வம் இருக்குது. மாடியில பெரிய ஆபீசர் வந்துருக்காரு. கயித்தத் தாண்டுனீங்கன்னா என் வேல போயிடும்."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கட்டைவிரல் கயிற்றை நெருடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று, இந்தம்மா எப்போது நகரும் என்று பார்த்தார்கள். அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை போலிருக்கிறது. சட்டென்று கை நீட்டினார்.

"இதான். நடுவுல நிக்கறான் பாரு. எனக்கு நல்லா தெரியுது. கும்பிட்டுட்டு வா."

அம்மா கல்லைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தாள். அம்பட்டர் வேப்ப மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தார். "மூடிடுங்க" என்றாள். பொங்கல் பானையும் எண்ணெய்ப் பாட்டிலும் வேனைவிட்டு இறங்கவே இல்லை.

வேன் வாடகை பேசியாகிவிட்டதே, சாத்தனூருக்கும் போனோம். தொட்டிக்குள் முதலைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஜனங்கள் பொரியை எறிந்தார்கள், செருப்பைக்கூட எறிந்தார்கள். தம்பி பயந்து அழுதான். புல்தரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

"அது அவன் இல்ல" என்றாள் அம்மா.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் அதைப் பற்றி எங்கள் எதிரில் பேசிக்கொண்டதே இல்லை. எங்கள் கல் எது என்று கேட்டு அப்பா பல தடவை மியூசியத்துக்கு நடந்தார். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்று சொல்பவரும் மாறிக்கொண்டே இருந்தார். தம்பி கொண்டையோடு பள்ளிக்கூடம் போய், தினமும் அடி வாங்கி அழுதுகொண்டு வந்தான். ஒருநாள் அப்பா கோபத்தில் அவனை சலூனுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒட்ட வெட்டிவிட்டார். அம்மா சலூனுக்கு ஓடி, பெருக்கித் தள்ளியிருந்த முடியில் அவனுடையதைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஆற்றில் விட்டாள். அழுதாளா என்று கேட்டால், இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் கம்மியாக வலித்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அப்பா மேல் இருந்த கோபம் அவர் செத்த பிறகும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயற்சி செய்ததும் இல்லை.

இப்போது நிலம் எங்களுடையது இல்லை. வாங்கினவர் ஆற்றைப் பார்த்த மாதிரி வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். எந்த ஆறு என்று கேளுங்கள். மணலை அள்ளி முடித்தாகிவிட்டது, பாறையும் முள்ளும்தான் மிச்சம். புங்க மரம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அம்மாவும் போய்விட்டாள். கண்மலர் என் பீரோவில் இருக்கிறது. தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான். இளவயதிலேயே தலை முழுக்க வழுக்கை. "வேண்டுதல் தானா நெறவேறிடுச்சு, வேடியப்பன் வந்து எடுத்துகினு போய்ட்டான்" என்று தலையைத் தடவிச் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் தினமும் கவுண்டரில் உட்கார்ந்து கோயில், மியூசியம், முதலை என்று ஒப்பிக்கிறேன். சம்பளம் வாங்குகிறேனே. ஒரு தடவைகூட நான் மறுபடி அங்கே போனதில்லை.

சாயங்காலம் டீச்சர் அம்மா திரும்பி வந்தார். சாவியை வாங்காமல் போனை நீட்டினார். "நல்ல எடமா சொன்னம்மா. இந்தச் சிற்பமெல்லாம் எவ்ளோ அழகு பாரேன். சுத்தமா வச்சிருக்காங்க."

அதே வரிசை. இப்போது கயிறு இல்லை, கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மேலே விளக்கு. வில் பிடித்த ஆட்கள் ஒரே ஜாடையில் நின்றார்கள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். ஒருவனின் தோளில் நிழல் மாதிரி ஏதோ இருந்தது. இடது தோள். யாருக்கு இடது? அவனுக்கா, எதிரில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்த அம்மாவுக்கா? இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் அதைக் கேட்கவில்லை. இனிமேல் கேட்பதற்கும் ஆள் இல்லை.

"என்னம்மா அப்பிடிப் பாக்கற? தெரிஞ்ச கல்லா?" என்றார் டீச்சர் அம்மா.

"தெரியல மேடம்."

அந்தத் தோளின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். படம் நகர்ந்து முதலை வந்துவிட்டது.