மூக்காண்டியின் பாட்டுக் கார்

சங்கரன்கோவிலில் கல்யாணத் தேதி குறித்ததும் பெண் வீட்டார் மண்டபம் பேசப் போவதற்கு முன்னால் மூக்காண்டி அண்ணாச்சியைப் பார்க்கப் போவார்கள். மண்டபம் கிடைக்காவிட்டால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக்கொள்ளலாம். மூக்காண்டியின் கறுப்பு அம்பாசிடர் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை எப்போது வந்து சேருவான் என்று யாரால் சொல்ல முடியும்? 'மூக்காண்டி வண்டி முகூர்த்தத்துக்கு முந்தி வந்து நிக்கும்' என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவரே அவர்தான் என்பது என் சந்தேகம். ஆனாலும் அது பொய்யில்லை.

மாப்பிள்ளையை இறக்கிவிட்டு மண்டப வாசலில் காரைத் திருப்பி நிறுத்துவார். பானெட் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பார். தான் கடிகாரம் பார்ப்பதை நாலு பேர் பார்க்கிறார்களா என்றும் பார்ப்பார். தாலி கட்டி முடிந்த பிறகுதான் பந்திக்கு வருவார். அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது, அதை அவர் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

எண்பத்தொன்றில் கோவில்பட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதில் டேப் செட் இருந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்ததும் பாட்டுப் பாடும். நம் ஊர்க்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளை நேரத்துக்கு வருகிறானா என்கிற கவலை போய், பாடிக்கொண்டு வருகிறானா என்கிற கவலை வந்துவிட்டது. "கார் போறதுக்கா, கச்சேரி கேக்கதுக்கா?" என்று மூக்காண்டி ஸ்டாண்டில் நின்று கேலி பேசினார். அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்கள் வெள்ளைக் காருக்குப் போனதும் கேலி நின்றது. டேப் செட் வாங்க ராஜபாளையத்துக்குப் போனார்.

அதற்கடுத்த கல்யாணம் என் தங்கை முப்பிடாதியுடையது. மாப்பிள்ளை வீரபாண்டிக்குப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை. பெண்ணின் அண்ணன் என்ற முறையில் காரில் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டியவன் நான். அதனால் முதல் நாள் சாயங்காலம் கார் எப்படி ஜோடிக்கப்படுகிறது என்று பார்க்க மூக்காண்டி வீட்டுக்குப் போயிருந்தேன்.

செட் மாட்ட வந்திருந்தவர் தங்கசாமி, ராஜபாளையத்துக்காரர். டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டிக்கு இடம் பத்தாமல், வண்டியைக் கையால் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை எடுத்து வீட்டுக்குள் போடச் சொன்னார். பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரி வயர்களைக் கழற்றினார். அண்ணாச்சியின் மனைவி கோமதியம்மாள் எட்டிப் பார்த்து, "இது என்ன பெட்டி?" என்று கேட்டாள்.

"இதாம்மா வண்டிக்கு உசிரு. இதுல இருந்துதான் எல்லாத்துக்கும் கரண்டு போவுது."

உயிர் என்று சொன்ன பிறகு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை சும்மா இருப்பாளா? உள்ளே போய்க் கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தாள். கட்டி, சொறி, வயிற்றுவலி, பிள்ளை ராத்திரி அழுவது எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் புற்றுமண்தான். பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களிலும் வழித்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். தங்கசாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளியூர்க்காரர், அம்மன் விஷயம், நமக்கேன் வம்பு என்று நினைத்திருக்க வேண்டும். மண்ணின் மேலேயே வயர்களை மாட்டி முடுக்கினார். செட்டைப் போட்டதும் பிள்ளையார் பாட்டுக் கணீரென்று கேட்டது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

விடிந்ததும் கார் கிளம்பவில்லை.

மூக்காண்டி சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பாட்டு நின்றுவிடும். சாவியை விட்டால் பாட்டு மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ராத்திரி அங்கேயே தங்கியிருந்த தங்கசாமியை எழுப்பினார்கள்.

"செட்டுல ஒரு கொறையும் இல்ல. பாடுதுல்லா?" என்றார் தங்கசாமி.

"பாடுதுவே. ஓட மாட்டேங்குதே."

"அது இஞ்சின் சமாச்சாரம். நான் செட்டுக்காரன்."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. பெட்ரோல் இல்லை என்றார் ஒருவர். இருக்கிறது என்றதும், கூடிப்போச்சு என்றார். கண்ணேறு என்றார் இன்னொருவர். பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற சாமி, அவர் பாட்டைப் போட்டால் வண்டி எப்படி நகரும், முருகன் பாட்டைப் போடு என்றார் ஒரு பெரியவர். கேசட்டை மாற்றியும் பார்த்தோம். முருகனும் சாவியைத் திருப்பினால் வாயை மூடிக்கொண்டார். கோமதியம்மாள் கண்கலங்கி, இன்னொரு கை புற்றுமண்ணைக் கொண்டுவந்து நேற்றைய மண்ணுக்கு மேலே பூசினாள்.

கடைசியில் மூக்காண்டி ஹேண்டிலை மாட்டி இரண்டு சுற்றுச் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. கோமதியம்மாள் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஹேண்டில காலுக்கடியிலயாவது போட்டுக்கிடுவோம் அண்ணாச்சி" என்றேன்.

"பாட்டுப் படிக்க காருல ஹேண்டிலா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாத்தா என்ன நெனப்பான்? நான் வண்டிய நிறுத்தினாத்தானவே" என்று அதை வீட்டுக்குள்ளேயே எறிந்தார்.

சொன்னபடியே நிறுத்தவில்லை. புளியங்குடியில் ஆரத்தி, பொட்டு, மாலை எல்லாம் முடிகிற வரைக்கும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பும்போது முன்சீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சண்முகையா, பின்னால் நானும் மாப்பிள்ளையும் இன்னும் மூன்று பேரும். பாட்டு ஜோராகப் பாடியது. மூக்காண்டியின் கழுத்து நிமிர்ந்திருந்தது. சங்கரன்கோவிலுக்குள் நுழைந்து ரதவீதி முக்கில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வண்டி நின்றது. முகூர்த்த நாள், தெரு முழுக்க ஜனம். காரைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது.

சண்முகையா சொன்னார்: "டிரைவரே, இந்த எரைச்சல்ல பாட்டே கேக்க மாட்டேங்கு. இஞ்சின செத்த நிப்பாட்டும். ஊரு கேக்கட்டும்."

நான் பின்னாலிருந்து மூக்காண்டியின் தோளைத் தொட்டேன். முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் வெள்ளைக் காருக்குப் போன இரண்டு வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். அவர் கை தானாகச் சாவிக்குப் போனது. இஞ்சின் நின்றது. பாட்டு வீதி முழுக்க நிறைந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

தேங்காய் உடைத்தாயிற்று. சாவியைத் திருப்பினார். டக்.

முகூர்த்தம் முடிய அரைமணி கூட இல்லை. மண்டபம் வீதியின் மறுகோடியில் இருந்தது, ஹேண்டில் கிடக்கும் வீடு அதையும் தாண்டி. "மாப்பிள்ளை, நடந்தே போயிருவோமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "மாப்பிள்ளை நடந்து வந்தான்னு புளியங்குடியில தெரிஞ்சா எங்களுக்கு என்ன மரியாதை?" என்றார் சண்முகையா, சீட்டில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு. வேறு வழியில்லை. இறங்கித் தள்ளினோம். வேகமாகத் தள்ளினால் பிடித்துக்கொள்ளும், ஆனால் அந்தக் கூட்டத்தில் வேகத்துக்கு எங்கே போவது? கார் ஆமை மாதிரி நகர்ந்தது. பாட்டு மட்டும் நிற்காமல் பாடியது. எனக்குத் தாங்க முடியாத அவமானம். தங்கை மணவறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வேறு. மூக்காண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்.

ஜவுளிக்கடை வாசலில் ஒருவர் கேட்டார்: "என்னவே, வண்டி ரிப்பேரா?"

சண்முகையா ஜன்னலில் தலையை நீட்டினார். "ரிப்பேரா? எங்க பக்கத்துல மாப்பிள்ளை அழைப்பே இப்படித்தாம்வே. சாமி சப்பரம் மாதிரி மெள்ளத் தள்ளிக்கிட்டுத்தான் வருவோம்."

அப்படி ஒரு பொய்யை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஆனால் ஜவுளிக்கடைக்காரர் தலையை ஆட்டினார். பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். மண்டபத்திலிருந்து மேளமும் நாதஸ்வரமும் எதிர்கொண்டு வந்தன. தள்ளுவதற்கு ஆள் போட்டி போட்டது. மாப்பிள்ளை போய் இறங்கியதும் ஐயர் அவசரப்படுத்த, முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது.

மூக்காண்டி பந்திக்கு வரவில்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"நேரத்துக்கு வந்துட்டோம்லா அண்ணாச்சி" என்றேன்.

"நாமதாம்வே வந்தோம். வண்டி வரல" என்றார்.

மெக்கானிக் இசக்கிப்பாண்டி வந்து பானெட்டைத் திறந்தார். வயரைக் கழற்றி, காய்ந்து ஓடாகியிருந்ததை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். "பாட்டுப் பாட எள்ளுப்போல கரண்டு போதும், இந்த மண்ணுக்குள்ள புகுந்து வந்துரும். இஞ்சினச் சுத்தணும்னா நெறைய வேணும்லா. இது என்ன மண்ணு அண்ணாச்சி?" என்றார். "கோயில் மண்ணு" என்றார் மூக்காண்டி. இசக்கிப்பாண்டி சுரண்டியதை நெற்றியில் பூசிக்கொண்டு வயரை முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் கார் சிட்டாய்க் கிளம்பியது.

தான் இரண்டாம் தடவை மண் பூசியதால்தான் மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து சேர்ந்தார் என்று கோமதியம்மாள் ஊரெல்லாம் சொன்னாள். மூக்காண்டியும் தலையை ஆட்டி வைத்தார். தனக்காகப் பூசியவளிடம் என்னத்தைச் சொல்வது?

அடுத்த முகூர்த்தத்துக்குப் பனவடலிசத்திரத்து மாப்பிள்ளை. மூக்காண்டி இஞ்சினைத் துடைத்து, ஹார்னைப் புதிதாக மாற்றி, ஹேண்டிலையும் மறக்காமல் போட்டுக்கொண்டு போனார். சாப்பாட்டுக்கு அழைக்கப்பட்டு நானும் மண்டபத்தில் இருந்தேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே ஹார்ன் அடித்துக்கொண்டு கறுப்புக் கார் விர்ரென்று வந்து வாசலில் நின்றது. மூக்காண்டி இறங்கி, பானெட்டில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பின்னால் துண்டை இடுப்பில் கட்டித் தயாராக நின்றிருந்த சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, எங்க புள்ள கல்யாணம்னா எளக்காரமா? தள்ளிக்கிட்டு வரலியா?"

மூக்காண்டி அவரையும், ஓடிக்கொண்டிருந்த இஞ்சினையும் பார்த்தார். பிறகு காருக்குள் ஏறி, இன்னும் இறங்காத மாப்பிள்ளையோடு ரதவீதி முக்குக்குத் திரும்ப ஓட்டிக்கொண்டு போய், சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.