நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்துக்காக ஹாலே வரை

ஜெர்மனியில் பிள்ளைகளை அமெரிக்கன் ஃபுட்போல் விளையாட விட்ட தமிழ்ப் பெற்றோர் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்த்து, இங்குள்ள பல்கலைக்கழக அணிகளும் பருவத்தின் கடைசி ஆட்டத்தை ‘பௌல்’ என்கின்றன. போன பருவத்தின் பௌல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலேயில் நடந்தது.

என் மகன் நிரோஷன் நாலு வருடமாக அவனுடைய அணியின் உதைகாரன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது அவன் வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சனி, ஞாயிறு என்றாலே என் முறைதான் வரும். ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. படிப்பு முடிகிறது, இதோடு விளையாட்டும் சரி, ஒருக்கா வந்து பாருங்கோ என்று கேட்டான். ஒரு மாதத்துக்கு முன்பே அந்த ஞாயிறு எனக்கு வேலை போடவேண்டாம் என்று டெர்மின் எழுதி வைத்தேன்.

நான் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் காலை 6.12க்கு ரயில் ஏறினேன். ஹம்மிலும் ஹனோவரிலும் மாற்றம், ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ஹனோவரில் 35 நிமிடத் தாமதம். அதைப் பற்றி எழுதி என்ன, உங்களுக்குத் தெரியாததா? ஹாலேயில் இறங்க 11.55. அங்கிருந்து டிராமில் 22 நிமிடம். நுழைவு 8 யூரோ. சாப்பாடு உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கொண்டுபோன மீன் றோல்ஸில் மூன்றை வாசலில் நின்றே தின்றுவிட்டு மிச்சத்தைக் காவலாளியிடம் கொடுத்தேன்.

இனி என் மொக்குத்தனம். பன்னிரண்டு நிமிடப்படி நாலு பகுதி என்று வாசித்திருந்தேன். நாற்பத்தெட்டு நிமிடம், இடைவேளையோடு ஒன்றரை மணித்தியாலம் என்று நினைத்து, 16.04 ரயிலுக்கு 27.99 யூரோவில் சீட்டு எடுத்தேன். அந்த ஒரே ரயிலுக்குத்தான் அது செல்லும். திங்கள் காலை ஆறு மணிக்கு வேலை.

ஆட்டம் ஒரு மணிக்குத் தொடங்கியது. விழுந்தால் கடிகாரத்தை நிறுத்துகிறார்கள், பந்து வெளியே போனால் நிறுத்துகிறார்கள். எதற்கு நிறுத்துகிறார்கள் என்று தெரியாமலும் நிறுத்துகிறார்கள். மூன்று மணித்தியாலம் பிடிக்கும் என்று பக்கத்திலிருந்த ஜெர்மன்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 15.30 ஆகியும் எதிரணி ஏழு, நாங்கள் பூச்சியம். மகனுக்கு உதைக்க இன்னும் ஒரு வாய்ப்பும் வரவில்லை. கால் கடுத்தது, கண் எரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

கோட்டுக்கு வெளியே ஒரு வலைக்குள் உதைத்துப் பழகிக்கொண்டிருந்த நிரோஷன் நிமிர்ந்து பார்த்தான். கை காட்டவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். ரயில் போய்த் தொலையட்டும் என்று திரும்ப இருந்துவிட்டேன்.

கடைசி நிமிடத்தில் எங்கள் அணி ஆறு புள்ளி எடுத்தது. ஆறு எடுத்த அணிக்குக் கூடவே ஒரு உதையும் உண்டு; அதில் நிரோஷன் ஒன்று எடுத்தால் சமன். ஓடிவந்து உதைத்தான். பந்து இடது கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஆறுக்கு ஏழு.

அணியின் பஸ்ஸை விட்டுவிட்டு அவன் என்னோடு வந்தான். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு இருவரிடமும் இருந்ததால் 17.10க்கு உள்ளூர் ரயில், நாலு மாற்றம், ஏழு மணித்தியாலம். நீங்கள் போவதென்றால் ஆட்டத்துக்கு மூன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். திரும்பும் சீட்டை எந்த ரயிலிலும் செல்லக்கூடியதாக எடுங்கள். அடுத்த நாள் லீவு போடுங்கள். நான் போடவில்லை, இன்னும் அலுப்புத் தீரவில்லை.

ரயில் வெளிக்கிட்டதும் அவன் சப்பாத்தைக் கழற்றி வைத்தான். பிறகு சொன்னான்: “நாலு வருசம் எவ்வளவு அடிச்சனான் அம்மா. நீங்கள் வந்த அண்டைக்குப் பாத்து விட்டிட்டன்.”

“அடிச்சதையெல்லாம் மற்ற ஆக்கள் பாத்தவை தம்பி. விட்டதுக்கு நான் நிண்டன். எனக்கு அது காணும்.”

அதற்குப் பிறகுதான் அழுதான். முதல் மாற்றமான மக்டபுர்க் வரும்வரை அழுதான்.