செங்கொடி அக்கா வீட்டு ஜப்பான் கதை

தண்டையார்பேட்டை செங்கொடி அக்கா தைத்த ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தால், பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரற்கடைத் துணி கூடுதலாக மடிந்து கிடக்கும். மற்ற தையல்காரர்கள் அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். அக்கா வெட்டமாட்டார். "உடம்பு இன்னிக்கி கீற மாதிரியே எப்பவும் இருக்குமா?" என்பார்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொழிற்சங்கத்தில் தீவிரமாக இருந்தார், மகளுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். அக்கா சின்ன வயதிலேயே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் சேர்ந்தார். அங்கே இருந்த காலமெல்லாம் சட்டைக் காலர் மட்டும்தான் தைக்கக் கொடுத்தார்கள். முழுச் சட்டை எப்படி உருவாகிறது என்று பார்க்க, அப்பாவின் பழைய சட்டைகளை வீட்டில் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, மறுபடி சேர்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். கம்பெனி மூடியபோது ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், தன் வீட்டிலேயே மெஷின் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "அளவு சரியா வரல" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதிப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது 2003இல், எங்கள் நெட்டுக்குப்பம் வீட்டில். அம்மாவும் அப்பாவும் இல்லாத என்னை அம்மாவின் தம்பி தேசப்பன் மாமாதான் வளர்த்தார். அந்த வருடம் அவருடைய கூட்டாளி ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அந்தக் கூட்டாளிக்குக் கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள். மாமா பயந்துவிட்டார். தன் உயிர் இருக்கும்போதே என்னை ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பழவேற்காட்டில் மாப்பிள்ளை பேசி முடித்தார். முகூர்த்தம் என் பிளஸ் டூ பரீச்சைகளுக்கு நடுவில் விழுந்தது. பரீச்சையைப் பற்றி நான் பேச்செடுத்தால் அவர் எழுந்து வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

கல்யாண ரவிக்கைக்கு அளவெடுக்க அக்கா வந்தார். முதுகில் டேப்பை வைத்தபோது, "பரீச்சை எழுதணுங்க்கா" என்றேன். அவர் கை நிற்கவில்லை. தோளிலிருந்து தோளுக்கு அளந்துகொண்டே, வாசலில் இருந்த மாமாவுக்குக் கேட்காத குரலில், "யாரையும் வழி கேக்காத. டோல்கேட்டுக்குப் பின்னால போர்டு வூடு. மூணாவது மாடி. வாசல்ல பச்ச பக்கெட்டு தொங்கும்" என்றார்.

பள்ளியில் படிப்பு விடுமுறை விட்டதும், "பரீச்சை முடிந்ததும் வந்துவிடுவேன்" என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டு, புத்தகப் பையோடு பச்சை பக்கெட்டைத் தேடிப் போனேன்.

அக்கா வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. சமையல்கட்டுக்குக் கதவு கிடையாது. அக்கா ஒரு பழைய புடவையை இரண்டாக மடித்துத் திரை தைத்தார். நான் நைலான் கயிற்றை ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து படிக்கலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மத்தியானம் வரும்வரை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குடியிருப்பின் பெண்கள் அக்கா வீட்டுக்கு ஜப்பான் கதை பார்க்க வருவார்கள். டோல்கேட்டில் சிடி கடை வைத்திருந்த அமீர் பாயிடம் அக்கா ஒரு பழைய பிளேயர் வாங்கியிருந்தார். யாரும் வாடகைக்கு எடுக்காத ஒரு கட்டு சிடியை அவர் இனாமாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஜப்பான் தொடர். பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுவது இங்கிலீஷ் எழுத்து. இரண்டும் அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் படத்தைப் பார்த்துக் கதை சொல்வார்.

கதையில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் இருப்பார்கள். அந்தப் பையன் எப்போதும் குடை வைத்திருப்பான், அதனால் அவன் பெயர் குடை. அவள் பெயர் ரிப்பன். இருவரும் அண்ணன் தங்கை, அப்பா சொத்துக்காக ஒரே வீட்டில் சண்டை போடுகிறார்கள் என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் குடையைப் பார்த்து ரிப்பன் வெட்கப்பட்டுவிட்டாள். அன்றைக்கே அவனைத் தூரத்து அத்தை மகனாக்க வேண்டியதாயிற்று.

கதை காட்டுவதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அக்கா நிறுத்தவில்லை. நான் திரைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். ஆனால் காலையில் மெஷின் வேலைக்கு நடுவில் அன்றைய பாகத்தைப் போட்டு, இங்கிலீஷைப் படித்து அக்காவுக்குச் சொல்வேன். தரகர் ஒரே வீட்டை இருவருக்கும் வாடகைக்கு விட்டு ஏமாற்றிவிட்டார், போக வேறு இடம் இல்லாமல் இருவரும் அங்கேயே இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதுதான் கதை. அக்கா ஒரு வரி விடாமல் மனதில் வாங்கி மத்தியானம் சொல்வார்.

அங்கேதான் பிசகிவிட்டது.

"இன்னாமே, சொத்து கேசு இன்னா ஆச்சி?" என்று எதிர்வீட்டுக் குப்பம்மா கேட்டார். அவர் காசிமேட்டில் மீன் விற்பவர், குரல் இறங்கவே இறங்காது.

"சொத்து இல்லியாம். புரோக்கரு ஏமாத்திட்டானாம்."

"இல்லியாமா? யாரு சொன்னது?"

அக்கா டிவியைப் பார்த்தார். "படத்துல கீதே."

"இத்தினி நாளா படத்துல இல்லியா? நீயா வுட்ட கதையே ஷோக்கா இருந்திச்சி. இப்ப ரொம்ப கரெக்டா கீது, பேஜாரா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் குப்பம்மா கொண்டுவந்த குழம்புச் சட்டி பெரியதாக இருந்தது. "மீந்துபோச்சி" என்று திரைக்கு அருகில் வைத்தார். கீழ்வீட்டு ரஹீமுன்னிசா அக்கா படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "படிக்கிற புள்ளைங்க கலீஜ் தண்ணிய குடிக்கக் கூடாது" என்றார். வெளியே தெரிந்தவரை அக்கா வீட்டில் படிக்கிற பிள்ளை யாரும் கிடையாது.

முதல் பரீச்சைக்கு முந்தைய நாள். கதை ஓடிக்கொண்டிருந்தது. வாசலில், "டைலரம்மா" என்று ஒரு குரல். மாமா.

புடவை பழையது, இழைகளுக்கு நடுவே எனக்கு எல்லாம் தெரிந்தது. மாமா முகம் சவரம் செய்யாமல் இருந்தது. "கல்யாண ரவிக்கைய வாங்கிகினு போலாம்னு வந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் வந்தது ரவிக்கைக்கு இல்லை. அவர் இன்று என்னைக் கண்டுபிடித்தால் நாளைக்குப் பரீச்சை இல்லை.

குப்பம்மாதான் முக்காலியை இழுத்துப் போட்டார். "குந்து நைனா. கதை முடியாம அவ மெஷினாண்ட வரமாட்டா."

மாமா உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்து வாத்தியார் வீட்டுக்கு வருகிற பாகம். ரிப்பன் அலமாரிக்குள் ஒளிகிறாள். குடை அவள் செருப்பைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைக்கிறான். மாமா தன்னை மறந்து சிரித்துவிட்டார். "செருப்ப போய் ஐஸ் பொட்டிலயா வெப்பான்?" அவர் சிரித்தார், அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியார் டீ குடித்துக்கொண்டு ஏதோ பேசினார். அக்கா வாயைத் திறந்தார். காலையில் நான் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில் வரவில்லை. டிவியில் ஜப்பான் மொழி மட்டும் ஓடியது.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமா.

ரஹீமுன்னிசா அக்கா பதில் சொன்னார். "வாத்தியாரு சொல்றாரு, அந்தப் பொண்ணு நல்லா படிக்கிறவ. எங்க கீதோ, பத்திரமாத்தான் இருக்கும். தேடிப்புடிச்சி பரீச்சைய கெடுக்காதீங்கன்னு."

"ஆமா," என்றார் குப்பம்மா. "கல்யாணம் எங்க ஓடிப்போது, பரீச்சைதான் போனா வராதுன்றாரு."

மாமா டிவியைப் பார்த்தார், பிறகு இருவரையும் பார்த்தார். "ஜப்பான் வாத்தியாரு இதெல்லாமா சொல்றாரு?"

"அங்கல்லாம் வாத்தியாருங்க அப்டித்தான்" என்றார் ரஹீமுன்னிசா அக்கா, முகம் மாறாமல். அந்த இடத்தில் வாத்தியார் சொன்னது டீ நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

மாமா எழுந்தார். திரையை நோக்கி வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புடவை விலகவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கை மேலே ஆணியில் இருந்தது, நான் கட்டிய கயிற்றின் முடிச்சில். இழுத்துப் பார்த்தார். அது இன்னும் இறுகியது.

"இத யாரு கட்டினது?"

"நான்தான்" என்றார் அக்கா.

"டைலருக்கு வலை முடிச்சு எப்ப வந்திச்சி?"

அந்த முடிச்சை நான் போடுவது யோசித்து அல்ல. குப்பத்தில் கிழிந்த வலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து என் கைக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

மாமா முடிச்சைப் பிடித்தபடி நின்றார். அவர் மூச்சு புடவையில் பட்டது. கையை எடுத்தார்.

"ரவிக்கைக்கு அவசரமில்லம்மா. பரீச்சையெல்லாம் முடியட்டும், பொறவு தைக்கலாம். பழவேற்காட்டுல நான் பேசிக்கிறேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்கு சாம்பாரு எறங்காது. மீனு குடுத்தனுப்புறேன்."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு குப்பம்மா எழுந்து திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். "வெளிய வாமே. இத்தினி நாளா டிரம்மு மேல குந்திகினு இன்னா பண்ண? அந்த ரிப்பனு இன்னா சொல்லுதுன்னு நீயே ஒயுங்கா சொல்லு." நான் அழுதுகொண்டே சொன்னேன். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, சொத்து கேசுதான் நல்லாயிருந்தது என்றார் அவர்.

எல்லாப் பரீச்சையும் எழுதினேன். பழவேற்காட்டுக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ராயபுரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு எனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொள்ள மாமா தலையாட்டியபோது, அக்கா அந்தப் பழைய கல்யாண ரவிக்கையை எடுத்தார். அதை அவர் என் பரீச்சை முடிந்த வாரமே தைத்து வைத்திருந்தார்.

போட்டுப் பார்த்தேன், இறுக்கிப் பிடித்தது. அக்கா பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த இரண்டு விரற்கடையை விட்டுக் கொடுத்தார். கல்யாணத்தன்று அதைத்தான் போட்டுக்கொண்டேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அக்கா அதை இஸ்திரி போட்டு மறைக்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன்.